அகூடோவும் நூற்றுப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பும்

அகூடோ விற்ற செருப்புகளில் பத்துக்கு ஒன்பதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்றால் மூட்டையாகப் பார்த்தேன். அபாவிலிருந்து ஓகிக்வே வழியாக எனுகு போகும் பஸ் என்னுடையது. ஆள் பாதி, பார்சல் பாதி. ஆள் இல்லாத நாளிலும் பார்சல் சோறு போட்டுவிடும். பதினெட்டு வருஷமாக ஒரே ரோடு. எந்தப் பள்ளத்தில் எந்தச் சக்கரத்தை இறக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்தப் பெண்ணைப் பற்றி இஷ்டத்துக்குப் பேசுகிறார்கள். பேசுகிறவன் எவனும் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

அவள் புருஷன் உசோண்டு அரியாரியா சந்தையில் செருப்புக் கடை வைத்திருந்தான். நல்ல மனுஷன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. புதைத்த மண் காய்வதற்குள் அவன் அண்ணன் தம்பிகள் கடைக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டார்கள். அகூடோ பெண் குழந்தை கோசியைக் கூட்டிக்கொண்டு எனுகுவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். அப்போது கோசிக்குப் பதினோரு வயசு.

விதவை ஒரு வருஷம் கறுப்பு உடுத்த வேண்டும். இவள் ஐந்தாம் மாசமே அவிழ்த்துவிட்டாள். "கறுப்பு கட்டிக்கிட்டு நின்னா எவன் டேடே சரக்கு வாங்குவான்? ஆளைப் பார்த்ததும் எதிர்ப் பக்கமா போறான்" என்று என்னிடம் சொன்னாள். மூத்தவனை டேடே என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் சொன்னதில் தப்பு எனக்குத் தெரியவில்லை. புருஷன் ஊரான உமுவாலாப் பெண்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊருக்கு வாக்கப்பட்ட பெண்கள் எல்லாரும் எந்தப் பட்டணத்தில் இருந்தாலும் திரும்பிப் போய்க் கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் இவள் கும்பிட்டால் பதில் கும்பிடு இல்லை. உட்காரக் கடைசி பெஞ்சு. தண்ணி தூக்கவும் கிழங்கு உரிக்கவும் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

போகாமல் இருந்துவிட முடியாதா என்று கேட்கலாம். முடியாது. நாளைக்குக் கோசிக்குக் கல்யாணம் என்றால் தகப்பன் ஊர்ப் பெண்கள் வந்து நின்று பாட வேண்டும். அவர்கள் வராத கல்யாணத்தை ஓடிப்போனதாகத்தான் பேசுவார்கள். அதனால் வருஷா வருஷம் போனாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், கிழங்கு உரித்தாள்.

வயிற்றுப்பாட்டுக்குப் போன் வழியாகச் செருப்பு விற்றாள். இதற்கு டிராப்ஷிப்பிங் என்று பெரிய பேரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அபா சந்தையில் இது எங்கள் தாத்தா காலத்து வேலை. கடை இல்லாதவன் வாசலில் நின்று ஆள் பிடிப்பான், அடுத்தவன் கடையிலிருந்து சரக்கை ஓடிப்போய் எடுத்து வருவான், நடுவில் தன் பங்கை வைத்துக்கொள்வான். சந்தையில் ஓடுகிறவன் என்றுதான் அவனுக்குப் பேர். அகூடோ ஓடவில்லை, போனில் படம் போட்டாள். லாகோஸிலோ அபுஜாவிலோ ஒருத்தி படத்தைப் பார்த்துக் கேட்பாள். அகூடோ அபாவில் செய்கிறவனுக்குச் சொல்வாள். அவன் பொட்டலம் கட்டி என் பஸ்ஸிலோ வேறு பஸ்ஸிலோ ஏற்றிவிடுவான். சரக்கு இவள் வீட்டுக்கு வராமலே போய்ச் சேரும்.

முதலில் புருஷனுடைய சித்தப்பா பையன் ஒருத்தனிடம் எடுத்தாள். சொந்தக்காரன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தாள். அவன் ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் தன் போன் நம்பரைச் சீட்டில் எழுதிப் போட்டான். அடுத்த தடவை அவள் ஆட்கள் நேராக அவனிடமே கேட்டார்கள். இவள் போய்ச் சண்டை போட்டாள்.

"ஒரே குடும்பம்தானே அண்ணி. யாரு வித்தா என்ன?" என்றானாம்.

அதற்குப் பிறகு அவள் ஆள் தேடிய விதத்தை நான் கிட்ட இருந்து பார்த்தேன். நாலு செருப்புக்காரர்களைப் பொறுக்கினாள். தன் பேரில் கேட்டால், விற்கிறவள் என்று தெரிந்து முதல் சரக்கை மட்டும் பளபளவென்று அனுப்புவான் என்று, என் பேரையும் என் நம்பரையும் கொடுத்தாள். பொம்பளைச் செருப்பு நாலு ஜோடி என் பேருக்கு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியது. "டேடே அபாரா, குதிகால் உசரம் போதுமா?" என்று ஒரு மாசம் என்னைக் கேலி பண்ணித் தீர்த்தார்கள் ஸ்டாண்டுப் பயல்கள்.

நாலையும் அவள் வாளித் தண்ணியில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டாள். எடுத்து வெயிலில் காயவைத்து முறுக்கினாள், நகத்தால் தையலைக் கிளறினாள். ஒன்றின் அடித்தோலுக்குள் அட்டை இருந்தது, கஞ்சியாகப் போய்விட்டது. ஒன்று முதலை மாதிரி வாயைப் பிளந்தது. மூன்றாவது நல்ல செருப்பு, ஆனால் ஒன்பது நாள் கழித்து வந்தது. அம்மா செத்துப்போனாள் என்றான். பாவம் என்று இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தாள். அம்மா மறுபடியும் செத்தாள்.

நாலாவது ஆள் ஒக்வுதிரி. அவனிடம் திராட்சை நிறத்தில் கேட்டிருந்தாள். "அந்தத் தோல் தீந்துபோச்சு. வேற நிறத்தை அனுப்பிட்டு அதுதான் இதுன்னு சொல்ல மாட்டேன். பத்து நாள் பொறுத்தா பொறுங்க, இல்லைன்னா வேற எடம் பாருங்க" என்று பதில் வந்தது. பதினோராம் நாள் வந்த செருப்பு வாளியில் ஊறியும் ஒரு சுருக்கம் விழவில்லை.

"இல்லைன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு, டேடே. இவருதான்" என்றாள் அகூடோ.

நேரில் பார்க்க என் பஸ்ஸில்தான் வந்தாள். சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகை வரிசை, பத்தொன்பது கொட்டகை, ஏழாவது அவனுடையது. ஐம்பது வயசு, ஒல்லி, நகமெல்லாம் பசை, இடது காது கேட்காது. இவள் மூன்று விஷயம் சொன்னாள். டப்பாவுக்குள் சீட்டு வைக்கக் கூடாது. தோல் தீர்ந்தால் முன்னாலேயே சொல்ல வேண்டும். குறை என்று திரும்பி வந்தால் மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"சரி. எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றான் ஒக்வுதிரி. "இங்க வந்து தலைமாட்டுல நின்னுக்கிட்டு ஆச்சா ஆச்சான்னு கேக்கக் கூடாது. கேட்டா என் கை நடுங்கும்."

"நான் எங்க வரப்போறேன்? எனக்கு உங்க மூஞ்சி வேண்டாம், கைதான் வேணும்."

"என் மூஞ்சி என் பொண்டாட்டிக்கே வேண்டாமாம்" என்று சிரித்தான்.

மூன்று வருஷம். திரும்பி வந்தது மொத்தம் நாலே ஜோடி, அதில் இரண்டு வாங்கினவளே அளவைத் தப்பாகச் சொன்னது. கோசி அம்மா செருப்பு என்றால் நம்பி வாங்கலாம் என்று பேர் வந்தது. கடை இல்லாதவளுக்கு வேறு என்ன இருக்கிறது, அந்தப் பேர்தான் கடை.

அந்தப் பேர் உமுவாலாவுக்கும் போனது. பெண்கள் சங்கத்துக்குத் தலைவி லோலோ இஹுவோமா. ஊர்ப் பட்டம் வாங்கினவர் பெண்டாட்டி, அதனால் லோலோ. அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. அவர் மகள் லாகோஸிலிருந்து வாங்கி அனுப்பிய செருப்பு காலுக்கு ஒத்துப்போய், யாரிடம் வாங்கினாய் என்று விசாரித்தால் அகூடோ. ஜூலையில் அவரே போன் பண்ணினார். இந்த வருஷம் நன்றி ஆராதனைக்குச் சங்கம் முழுக்க ஒரே சேலை, ஒரே ரவிக்கை, ஒரே செருப்பு. நூற்றுப் பன்னிரண்டு ஜோடி, பழுப்பு நிறம், உள்பட்டையில் சங்கத்தின் பேர் அச்சு.

அன்றைக்கு அவள் என் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தாள். போனை வைத்துவிட்டுச் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

"நம்ம வீட்டு மருமக கையில இருக்கறதை விட்டுட்டு வெளியில எதுக்குத் தேடணும்னு சொன்னாங்க டேடே. மருமகன்னு சொன்னாங்க. ஆறு வருஷம் ஆச்சு அந்த வாயிலேருந்து அந்த வார்த்தை வந்து. ஊர்வலத்துல அவங்க பின்னாலயே நடக்கணுமாம், முன் வரிசையில."

உடனே ஒக்வுதிரிக்குப் போட்டாள். அவனுக்குக் காது மந்தம், இவள் கத்தியதில் பஸ் முழுக்கக் கேட்டது.

"எத்தனை?"

"நூத்திப் பன்னெண்டு!"

"எப்ப வேணும்?"

"ஆகஸ்டு ரெண்டாவது வாரம். ஆகுமா?"

"ஆகும்."

நான் சொன்னேன்: "அகூடோ, மூணு வாரம்தான் இருக்கு. ஒத்தை ஆளு. கணக்கு இடிக்குதே."

"ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்ற ஆளு அவரு. ஆகும்னுட்டாருல்ல, ஆகும்."

அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. மாதிரிக்கு ஒரு ஜோடி வந்தது. வெண்ணெய் மாதிரி இருந்தது. லோலோ போட்டுப் பார்த்துவிட்டு இதேதான் என்றார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அபாவில் சரக்கு ஏற்றினேன். ஒன்பது மூட்டை, ஒன்பதும் வேறு வேறு கொட்டகையிலிருந்து தள்ளுவண்டியில் வந்தன. ஒன்று நீலக் கயிறு, ஒன்று சைக்கிள் டியூப், ஒன்றைப் பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள்.

"என்னய்யா, கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி தெருவே சேர்ந்து தச்சீங்களா?" என்றேன்.

"பின்ன? அம்பது ஜோடிக்கு மேல போனா வரிசைக்குப் பொது" என்றான் ஒக்வுதிரி. "எவனும் தனியாத் தின்னக் கூடாது, அது எங்க சட்டம். போன வருஷம் வெள்ளத்துல என் தோலெல்லாம் மிதந்துபோச்சே, இந்தப் பதினெட்டுப் பேருதான் எனக்கு ஆளுக்கு ஒரு தோல் கொடுத்தாங்க."

நல்ல சட்டம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் நல்ல சட்டம் என்றுதான் நினைக்கிறேன். அகூடோவுக்கு இது தெரியும் என்று எடுத்துக்கொண்டேன். செருப்புக் கடைக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா என்று. தெரியாது. விற்கிற பக்கத்துக்காரர்களுக்குச் செய்கிற பக்கத்துச் சட்டம் எதுவும் தெரியாது, நடுவில் ஒரே ஒரு சாக்கடைதான் என்றாலும். ஒக்வுதிரியும் மறைக்கவில்லை. மழை மேலேயிருந்து விழும் என்று யாராவது எடுத்துச் சொல்வார்களா? அந்த மாதிரி அது அவனுக்கு.

மூட்டைகளை உமுவாலா முக்கில் இறக்கினேன். லோலோவின் ஆட்கள் தூக்கிப் போனார்கள். வெள்ளிக்கிழமை எனுகுவில் இருந்த சங்கத்துப் பெண்களை வாடகைக்கு ஏற்றிக்கொண்டு நானே உமுவாலாவுக்குப் போனேன். அகூடோ மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். வழியெல்லாம் பாட்டு. பயற்றுமாவில் அவித்த ஓக்பா வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள், எனக்கு இரண்டு.

பெண்கள் கூட்டத்துக்குள் ஆம்பிளை போகக் கூடாது. மண்டபத்துக்கு வெளியே ஜன்னலோரமாக வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். உள்ளே மூட்டைகளைப் பிரித்தார்கள். முதல் மூட்டை பிரித்ததும் குலவை கேட்டது. அது ஒக்வுதிரி கையால் செய்த மூட்டையாக இருக்கும். இரண்டாவதில் குலவை குறைந்தது. நாலாவதில் பேச்சு மட்டும். அப்புறம் பேச்சும் இல்லை.

பழுப்பு என்றால் பத்துப் பழுப்பு. ஒன்று ஈரமண், ஒன்று தேயிலைச் சாயம், ஒன்று கிட்டத்தட்ட ஆரஞ்சு. ஒவ்வொரு கொட்டகைக்கும் அவனவன் அளவில் ஒரு மரக் கால் அச்சு, அதனால் நாற்பதாம் நம்பர் என்று போட்டிருந்த ஒன்றில் ஒருத்தியின் இரண்டு காலும் போகும், இன்னொன்றில் கட்டைவிரலே நுழையாது. சங்கப் பேர் அச்சு ஒன்றுதான் இருந்தது. ஒன்பது கொட்டகையும் அதற்குக் காத்திருக்க நேரமில்லை. கையில் இருந்த அச்சை அடித்துவிட்டார்கள். அபாச் செருப்பில் வழக்கமாக என்ன அடிப்பார்களோ அதை.

எமெனிகே அம்மா என்று ஒருத்தி. கறுப்பை அவிழ்த்ததை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள். ஒரு செருப்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"இத்தாலின்னு போட்டிருக்கே. ஏண்டி, நம்ம சங்கம் எப்ப இத்தாலிக்குக் குடிபோச்சு?"

"என்னுது ஸ்பெயின்" என்றது இன்னொரு குரல். சிரித்தார்கள்.

"கோசி அம்மாவுக்கு அவசரம் ஜாஸ்தி. புருஷனுக்கே ஒரு வருஷம் பொறுக்காதவ செருப்புக்கா பொறுப்பா?"

அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்திருக்கும்.

அகூடோ எல்லார் எதிரிலும் ஒக்வுதிரிக்குப் போன் போட்டாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அண்ணே, செருப்பு நீங்க செய்யலையா?"

"என்ன கேள்வி இது? செஞ்சோம். வரிசையே ராப்பகலா உக்காந்துச்சு. நல்லா இருக்கா?"

"நீங்க செய்யலையான்னு கேட்டேன்."

"என் பங்கு இருபது. மீதி மத்தவங்க. எல்லாம் நல்ல கைதான். ஏன், என்ன ஆச்சு?"

அவள் போனை அணைத்தாள். பிறகு அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. எனக்குக் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் முதல் வண்டி பிடித்து வந்து இறங்கினான். தோளில் ஒரு பை: மர அச்சு, பசை, சாயம், சங்கப் பேர் அச்சு. இருட்டுவதற்குள் முடிந்ததைச் சரி பண்ணுகிறேன், தப்பு என் மேல்தான் என்று பெண்களிடம் நானே சொல்கிறேன் என்றான். கோயிலுக்குப் போகிற சட்டை போட்டு வந்திருந்தான். அகூடோ அவன் முகத்தைப் பார்க்காமல் மண்டப வாசல் வரைக்கும் கூட நடந்தாள். உள்ளே தகவல் சொல்லி அனுப்பினாள்.

லோலோ வாசலுக்கு வந்தார், படி இறங்கவில்லை. ஒக்வுதிரி குனிந்து கும்பிட்டான். "அம்மா, தப்பு என்னுது. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. வரிசையில பிரிச்சுக் கொடுத்தது நான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள..."

லோலோ அவனைப் பார்க்கவே இல்லை. அகூடோவிடம்தான் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகப் பேசினார்.

"யாரு மகளே இவரு?"

"செருப்பு செஞ்சவருங்க, லோலோ."

"எங்களுக்கு எந்தச் செருப்புக்காரரையும் தெரியாதே. நாங்க யாருகிட்டயும் போய்க் கேக்கலையே. உன்னைத்தான் தெரியும், உன்கிட்டதான் கேட்டோம். அவரு செய்வாருன்னு நீ சொல்லலை, நான் தரேன்னு சொன்னே."

"ஆமாங்க."

"நாளைக்கு அவங்கவங்க பழைய செருப்பைப் போட்டுக்கிட்டு நடப்பாங்க. நீ நடக்க வேண்டாம். வெயிலு." கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "கோசிக்கு ஏதாவது நல்லது வந்தா சொல்லி அனுப்பு. பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரியும்.

மண்டபத்துக்குள் கிழங்கு உரிக்க வேறு ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். அகூடோ உள்ளே வைத்திருந்த தன் பையை யாரிடமோ சொல்லி எடுத்து வரச் செய்தாள். சேலையை மாற்றவில்லை. வண்டியில் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். எனுகுப் பெண்களைத் திங்கட்கிழமை வந்து ஏற்றிக்கொண்டால் போதும். இரண்டு பேரையும் ஓகிக்வே முக்கில் விடுவதாகச் சொன்னேன். அங்கேயிருந்து அவளுக்கு வடக்கே, அவனுக்குத் தெற்கே. ஒக்வுதிரி கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான். நடுவில் பதினாலு சீட்டு காலி.

பாதி வழியில் அவன்தான் ஆரம்பித்தான். "பூராத்தையும் திருப்பி அனுப்புங்க. நான் ஒருத்தனா உக்காந்து மறுபடி செய்யறேன். நாலு மாசம் ஆகும்."

"யாருக்கு?" என்றாள் அவள்.

கொஞ்ச தூரம் போனோம்.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அகூடோ. "நாளைக்கு இதே மாதிரி நூறு ஜோடி வந்தா தனியா செய்வீங்களா? வரிசைக்குக் கொடுக்காம?"

அவன் இல்லை என்று சொல்லத் தெரிந்த ஆள். யோசித்தான், பொய் சொல்லியிருக்கலாம். "மாட்டேன்" என்றான். "அவங்க இல்லாம எனக்குக் கொட்டகை இல்ல."

"அதை முன்னாலயே சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேக்கலையே, தங்கச்சி."

"கேக்கத் தெரியலை."

சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் கையை நீட்டினான், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். மறுபடி வண்டியை எடுக்கும்போது அவள் போன் மணி அடித்தது. அபுஜாவிலிருந்து ஒருத்தி படம் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்: நாற்பத்தொன்று, கறுப்பு, ஒரு ஜோடி. முன்னால் இரண்டு தடவை ஏமாந்தவளாம், நம்பி வாங்கலாமா என்கிறாள்.

அகூடோ பதிலைப் பேசியே அனுப்பப் போனை வாய்க்குக் கிட்டே பிடித்தாள். அவள் முகம் செத்த வீட்டு முகமாக இருந்தது. குரல் மட்டும் எங்கிருந்து வந்ததோ, சந்தைக் குரல், தேன் சொட்டும் குரல்.

"ஐயோ என் தங்கமே, கோசி அம்மாகிட்ட வந்துட்டே இல்ல, இனிமே உனக்கு என்ன கவலை? தண்ணியில ஊறப்போடு, ஒரு சுருக்கம் விழாது. ஏதாவது குறைன்னா என்னைக் கேளு. வேற யாரையும் தேட வேண்டாம், என்னைக் கேளு."

பேசி முடித்து அனுப்பினாள். பிறகு அந்த ஆர்டரை அப்படியே போனில் தள்ளிவிட்டாள். கடைசி சீட்டில் ஒக்வுதிரியின் போன் கூவியது. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான்.

"நாப்பத்தொண்ணு கறுப்பு இருக்கு" என்றான். "நான் செஞ்சதுதான்."

அவள் திரும்பவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செவ்வாய்க்கிழமைக்குள்ள ஏத்திடுங்க."